நூலகர் சொன்ன ப்ராபப்ளி

"ப்ராபப்ளி" என்றார் நூலகர், தேதி முத்திரையைப் புத்தகத்தில் குத்திக்கொண்டே.

கல்லூரி ஸ்டோர் கீப்பர் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று விழித்தார். அப்போதுதான் அவர், தொண்டையைக் கனைத்து, "என்னைக் கல்யாணம் பண்ணிக்க உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டு முடித்திருந்தார். மாதக்கணக்கில் குளியலறைக் கண்ணாடியிடம் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது. சம்மதம் என்றால் எப்படிச் சிரிப்பது, முடியாது என்றால் எப்படிப் பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டு நகர்வது என்று இரண்டுக்கும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். நடுவில் இப்படி ஒன்று வரும் என்று கண்ணாடி சொல்லவில்லை.

"அதாவது..." என்று இழுத்தார்.

"சார், கொஞ்சம் நகருறீங்களா? எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள் பின்னால் புத்தகக் கட்டோடு நின்ற மாணவி.

நகர்ந்தார். நகர்ந்தவர் அப்படியே நகர்ந்து நகர்ந்து வாசலுக்கே வந்துவிட்டார். முகத்தில் ஒரு சிரிப்பு பாதியில் நின்றுபோயிருந்தது. அதை முழுசாகச் சிரிப்பதா, துடைத்துவிடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

நாற்பதைத் தாண்டிய மனிதர். நல்லவர் என்றுதான் சொல்ல வேண்டும். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். "என் சர்வீஸ்ல இதுவரைக்கும் ஸ்டோர் வாசல்ல வந்து நின்ன யாரையும் 'இல்லை'ன்னு சொல்லித் திருப்பி அனுப்பினதில்லை" என்பது அவருடைய பெருமை. அவருடைய ஸ்டோரிலிருந்து ஒரு குண்டூசிகூட வெளியே போனதில்லை என்பது வேறு விஷயம். வாங்கிய மின்விசிறி, வாங்கிய ஏணி, வாங்கிய சுழல் நாற்காலி எல்லாம் வாங்கிய நாளில் இருந்த அதே பாலித்தீன் உறையோடு, மணப்பெண் மாதிரி, தலைகுனிந்து உள்ளே நிற்கும். ஆண்டுதோறும் சரிபார்க்க வரும் அதிகாரிகள் அதைப் பார்த்துக் கண்கலங்கிப் பாராட்டிவிட்டுப் போவார்கள். எங்கேயும் ஒரு பொருள் குறைந்ததில்லை. குறைய விட்டால்தானே?

நூலகரிடம் அவர் மனசைப் பறிகொடுத்ததும் இந்தத் தொழில் சம்பந்தமாகத்தான். கல்லூரியில் எல்லோரும் அவரிடம் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுப் பிராணனை வாங்குகிறவர்கள். நூலகர் ஒருவர்தான், எப்போதோ ஒருமுறை வந்து ஏதோ கேட்டுவிட்டுப் போனவர், அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எதிரே பார்த்தால் "வாங்க சார்" என்பார், அவ்வளவுதான். இப்படியும் ஒரு பெண்ணா என்று ஸ்டோர் கீப்பர் உருகிப்போனார்.

ஸ்டோருக்குத் திரும்பியபோது வாசலில் எலெக்ட்ரீஷியன் நின்றுகொண்டிருந்தார்.

"சார், அந்த ஏணி..."

ஸ்டோர் கீப்பர் அவருக்கு வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எலெக்ட்ரீஷியன் பெருமூச்சு விட்டுவிட்டு, இரண்டு பெஞ்சுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு ஏறி விளக்கு மாட்டப் போனார். அவருக்கு வீட்டில் இரண்டு குழந்தைகள்.

வீட்டில் அக்கா காத்திருந்தாள். வீடு அக்காவுடையது. மாடி அறையில் தம்பி வருஷக்கணக்காக, இதோ கல்யாணம் ஆகிவிடும் என்ற பேரில், தற்காலிகமாகக் குடியிருந்தார்.

"பல் டாக்டர் இன்னைக்கும் வந்துட்டுப் போனார்டா. மாடியைக் கிளினிக்குக்குக் கேட்டு நடையா நடக்கிறார். நீ கல்யாணம் பண்ணிக்கிட்டுத் தனியா போறதா இருந்தா கொடுத்துடறேன். இல்லேன்னா வேற இடம் பாருங்கன்னு சொல்லிடறேன். அந்தப் பொண்ணுகிட்ட கேட்டியா இல்லியா?"

"கேட்டுட்டேன்க்கா."

"என்ன சொல்லிச்சு?"

"ப்ராபப்ளின்னு சொன்னாங்க."

"அப்படின்னா ஆமாவா, இல்லையா?"

"இங்கிலீஷ்ல அது ரெண்டுக்கும் நடுவுல நிறைய இடம் இருக்குக்கா."

"அந்த இடத்துல பாய் போட்டுப் படுக்க முடியுமா? முடியாதில்ல? வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு முடிவு சொல்லு" என்றாள் அக்கா.

மறுநாள் ஸ்டோர் கீப்பர், ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த புள்ளியியல் பேராசிரியரைப் பிடித்தார். உலகத்தில் எதற்கும் ஓர் எண் உண்டு என்று நம்புகிறவர் அவர். மனைவி கோபமாக இருக்கிறாளா என்று கேட்டால்கூடச் சதவீதத்தில்தான் சொல்வார்.

"சார், நம்ம நண்பர் ஒருத்தருக்கு ஒரு சந்தேகம். ப்ராபப்ளின்னா எவ்வளவு சார் இருக்கும்?"

"எழுபத்தஞ்சு" என்றார் பேராசிரியர், டீயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான். மேபின்னா அம்பது. பாசிப்ளின்னா முப்பது. ப்ராபப்ளி எழுபத்தஞ்சு. கண்ணை மூடிக்கிட்டு இறங்கலாம்."

"அப்போ மீதி இருபத்தஞ்சு சார்?"

"அது நடந்தா உங்க நண்பருக்கு அது நூறு" என்றார் பேராசிரியர். "ஆனா அது கணக்கோட தப்பில்ல. சரி, நூலகர் எப்போ பதில் சொன்னாங்க?"

"நேத்து சாயந்தர..." என்று ஆரம்பித்த ஸ்டோர் கீப்பர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நாக்கைக் கடித்து என்ன பயன்? மதிய மணி அடிப்பதற்குள், கழிப்பறைக் குழாய் பழுது பார்க்க வந்தவர்வரைக்கும் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

"எழுபத்தஞ்சாம்க்கா" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

அக்கா வாயைப் பிளந்தாள். "எழுபத்தஞ்சா! பள்ளிக்கூடத்துல நீ எந்தப் பாடத்துலயும் இவ்வளவு வாங்கினதில்லையேடா!" என்று தம்பியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, உடனே பல் டாக்டருக்குப் போன் போட்டாள்.

அடுத்த நாள் மாலை ஸ்டோர் கீப்பர் வீடு திரும்பியபோது, பல் டாக்டரின் நாற்காலியை நாலு பேர் மாடிப்படியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவருடைய பெட்டியும் தலையணையும் படிக்குக் கீழே செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்தன.

"இவ்வளவு சீக்கிரமாவாக்கா?"

"நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாதுடா. கல்யாணம்வரைக்கும் எங்கேயாவது சமாளிச்சுக்கோ. உனக்கு இல்லாத இடமா?"

அவருக்கு இல்லாத இடமில்லைதான். அன்று முதல் ஸ்டோரிலேயே படுக்கை. பாலித்தீன் பிரிக்காத ஆறு சுழல் நாற்காலிகளை வரிசையாகச் சேர்த்து, உறை கிழியாமல் மேலே போர்வை விரித்துப் படுத்தார். சக்கரம் வைத்த நாற்காலிகள். ஒரு பக்கம் திரும்பிப் படுத்தால் தலைப்பக்கத்து மூன்றும் கிழக்கே போகும், கால்பக்கத்து மூன்றும் மேற்கே போகும், நடு உடம்பு தரைக்குப் போகும். ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவில் படுக்க முடியாது என்று அக்கா சொன்னது எவ்வளவு சரி என்று இடுப்பைத் தேய்த்துக்கொண்டே நினைத்துக்கொள்வார். ஆனாலும் எழுபத்தைந்து இருக்கிறதே என்று மறுபடி தூங்கிவிடுவார்.

அந்த எழுபத்தைந்தையும் பிடுங்க வந்து சேர்ந்தார் ஆங்கிலப் பேராசிரியர்.

"எழுபத்தஞ்சாமே? எந்த முட்டாள் சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டேதான் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். எந்த முட்டாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இருவரும் ஒரே வகுப்பறைக்காகப் பல வருஷமாகச் சண்டை போடுகிறவர்கள். "வார்த்தைக்கு ஏதுய்யா நம்பர்? வார்த்தை என்ன ரயில் பெட்டியா? எந்தத் தொனியில சொன்னாங்க, அதைச் சொல்லுங்க. குரல் ஏறிச்சா, இறங்கிச்சா?"

"முத்திரை குத்திக்கிட்டே சொன்னாங்க சார். 'ப்ராப'வுல ஒரு குத்து, 'ப்ளி'யில ஒரு குத்து."

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குத்துகளைக் காதில் வாங்கிப் பார்த்தார். பிறகு ஸ்டோர் கீப்பரின் தோளில் கை வைத்தார். துக்க வீட்டில் வைப்பது போல.

"மனசைத் தேத்திக்குங்க. நாகரிகம் தெரிஞ்சவங்க மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க. ப்ராபப்ளின்னு ஒரு வார்த்தையைக் கையில கொடுத்து அனுப்பிடுவாங்க. வாங்கிக்கிட்டுப் போனவன் காத்திருந்து காத்திருந்து, தானா புரிஞ்சுக்கணும். அதுதான் பிரயோகம்."

ஸ்டோர் கீப்பருக்கு நிஜமாகவே ரத்தம் கொதித்தது.

"அப்படியும் மனுஷங்க இருப்பாங்களா சார்? நம்பி வந்து கேட்கிறவனை இப்படி இழுத்தடிக்கிறதுக்கு, இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டா அவன் வேற வழியையாவது பார்ப்பானே! என்ன ஈவு இரக்கம் இல்லாத வழக்கம் சார் இது!"

"உலகம் அப்படித்தான்" என்றார் பேராசிரியர். "அது கிடக்கட்டும், எங்க துறைக்கு ஒரு மின்விசிறி கேட்டிருந்தேனே?"

ஸ்டோர் கீப்பர் கலங்கிய கண்ணோடு அவருக்கும் வழக்கமான பதிலைச் சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு கல்லூரி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. எழுபத்தைந்துகாரர்கள் ஒரு பக்கம், இறங்குகுரல்காரர்கள் ஒரு பக்கம். நடைபாதையில் இரண்டு பேராசிரியர்களும் மாணவர்கள் முன்னிலையில் கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டார்கள். கடைசியில் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: நூலகத்தில் இருக்கும் பெரிய அகராதியைப் பார்ப்பது. எழுத்துக்கு ஒரு தொகுதி. ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கனம். அதில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் முடிவு.

ஸ்டோர் கீப்பர் போனார். பல் டாக்டர் மாடியில் இருக்கிறார், இடுப்பு தரையில் இருக்கிறது. இனிமேல் அவருக்கு அந்த வார்த்தையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அலமாரியில் அகராதி வரிசையாக நின்றது. நடுவில் ஒரு பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி.

"எது வேணும் சார்?" என்றார் நூலகர்.

"பி. வந்து... பென்சிலுக்கு வர்ற பி."

"அதுவா? அது இங்க இருக்கு" என்று நூலகர் கீழே கையைக் காட்டினார்.

அவர் உட்கார்ந்திருந்த மர நாற்காலியின் ஒரு கால் பாதியில் உடைந்திருந்தது. அந்தப் பாதிக் காலுக்கு முட்டுக்கொடுத்து, ஆடாமல் அசையாமல், பி தொகுதி படுத்திருந்தது.

"எல்லாத்தையும் வெச்சுப் பார்த்தேன்" என்றார் நூலகர். "எஸ் ரொம்பக் குண்டு. ஓ ரொம்ப ஒல்லி. பிதான் அளவா இருந்துச்சு."

"ஒரு நிமிஷம் எழுந்திருக்க முடியுமா?"

நூலகர் எழுந்து நின்றார். ஸ்டோர் கீப்பர் மண்டியிட்டுத் தொகுதியை உருவி, தூசி தட்டி, விரல் எச்சில்பட ஏடுகளைப் புரட்டினார். அவர் மண்டியிட்டதைத் தூரத்திலிருந்து பார்த்த மாணவிகள் தப்பாகப் புரிந்துகொண்டு கைதட்டினார்கள். அவர் காதில் எதுவும் விழவில்லை. உதடு அசைய அசைய வாசித்தார். நடக்காது என்பதைவிட நடக்கும் என்று நம்பவே காரணம் அதிகம் உள்ளபோது சொல்வது, அநேகமாக உறுதி. அநேகமாக உறுதி! இரண்டு தடவை வாசித்தார். அச்சில் இருந்தது, கறுப்பு எழுத்தில்.

"தேடினது கிடைச்சுதா சார்?"

"கிடைச்சுது! கிடைச்சுடுச்சு!" என்று தொகுதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆங்கிலப் பேராசிரியரின் மூக்கை உடைப்பதற்காக ஓடினார்.

"சார், அதை வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது, அது குறிப்பு நூல்" என்று கூப்பிட்டுக்கொண்டே நூலகர் பழக்கத்தில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

அந்தச் சத்தம் நடைபாதைவரைக்கும் கேட்டது. ஸ்டோர் கீப்பர் திரும்பி ஓடி வந்தபோது நூலகர் தரையில் கிடந்தார். நாற்காலி அவர் மேல் கிடந்தது. முத்திரை தெறித்துப் போய் ஒரு மாணவியின் நெற்றியில் அன்றைய தேதியைப் பதித்திருந்தது.

இடுப்பில் பலமான அடி. எலும்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் ஒரு வாரம் அசையக் கூடாது என்றார் டாக்டர். ஒரு கல்யாணத்தைக் கேட்டு ஒரு பெண்ணின் இடுப்பை ஒடித்தவர் என்று கல்லூரி முழுக்க ஸ்டோர் கீப்பருக்குப் பேர் வந்தது. எழுபத்தைந்துகாரர் அவசரமாக அதை முப்பத்தைந்தாகக் குறைத்தார்.

அந்த ஒரு வாரமும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பரிகாசம் செய்ய ஆயிரம் இருந்தாலும் இதைச் சொல்லாமல் விடக் கூடாது: அந்த மனிதர் மனசாரத் துடித்தார். சாத்திக் கிடந்த நூலகத்தின் முன்னால் போய் நின்று பார்த்துவிட்டு வருவார். வார்த்தையின் அர்த்தம்கூட அப்போது அவருக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. நல்லபடியாக எழுந்து நடந்தால் போதும், பிறகு ஆமாவோ இல்லையோ என்று நினைத்தார். இப்படி நினைக்கும் மனிதருக்கு ஒரு வழி எதிரிலேயே இருந்தது. அதன் மேல்தான் படுத்திருந்தார். என்ன செய்ய, தனக்குப் படுக்கையாகிவிட்ட பொருளை யாரும் பொருளாகப் பார்ப்பதில்லை.

நூலகர் திரும்பி வந்தார். வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கையோடு கொண்டுவந்து போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்டோர் கீப்பர் பி தொகுதியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அவர் எதிரே வைத்தார்.

"மன்னிச்சுடுங்க. எல்லாம் என்னாலதான்."

"பரவாயில்ல சார்."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், அதுக்கப்புறம் தொந்தரவே பண்ண மாட்டேன். கணக்குக்காரர் ஒண்ணு சொல்றார், இங்கிலீஷ்காரர் ஒண்ணு சொல்றார், இந்தப் புத்தகம் ஒண்ணு சொல்லுது. அன்னைக்கு நீங்க ப்ராபப்ளின்னு சொன்னீங்களே, எந்த அர்த்தத்துல சொன்னீங்க?"

நூலகர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். முதல் தடவையாக முத்திரை கையில் இல்லாமல் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்புகூட வந்தது.

"அவங்களை எல்லாம் ஏன் சார் கேட்டீங்க? அந்த வார்த்தையை நான் கத்துக்கிட்டதே உங்ககிட்டதானே! நீங்க என்ன அர்த்தத்துல சொல்வீங்களோ, அச்சு அசலா அதே அர்த்தம்தான்."

ஸ்டோர் கீப்பருக்குத் தரையில் கால் பாவவில்லை. தன்னிடமிருந்து! படித்த பெண், ஆயிரக்கணக்கான புத்தகத்துக்கு நடுவில் இருக்கிறவர், தன் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையைப் பொறுக்கி எடுத்துப் பத்திரமாக வைத்திருந்து, தன்னிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார்! எந்தப் பேராசிரியருக்கு இந்தப் பாக்கியம் கிடைத்தது? நடைபாதையிலேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, நான் சொல்ற அர்த்தம்தானாம்! நான் என்னைக்காவது பேச்சு மாறினவனா, சொல்லு? வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து யாருக்காவது 'இல்லை'ன்னு சொல்லியிருக்கேனா?"

"சந்தோஷம்டா" என்றாள் அக்கா. "பல் டாக்டரும் கேட்டுக்கிட்டே இருந்தார், கல்யாணத்துக்குள்ள உனக்கு அந்தக் கடைவாய்ப் பல்லை எடுத்துடலாமாம்."

ஸ்டோர் வாசலில், எப்போதும் போல, எலெக்ட்ரீஷியன் நின்றிருந்தார். நெற்றியில் புதிதாக ஒரு கட்டு. மேல்பெஞ்சு சரிந்துவிட்டதாம். ஸ்டோர் கீப்பர் அவர் ஏணி என்று வாயெடுப்பதற்குள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கதவை விரியத் திறந்து உள்ளே இழுத்துப் போனார். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். நூலகர் சொன்ன கடைசி வாக்கியத்தை, அந்தச் சிரிப்போடு சேர்த்து, இரண்டு முறை நடித்தே காட்டினார்.

"கேட்டீங்களாய்யா? நான் எந்த அர்த்தத்துல சொல்வேனோ, அதே அர்த்தமாம்!"

எலெக்ட்ரீஷியன் வருஷக்கணக்கில் வாசலோடு நின்றவர். உள்ளே வருவது அவருக்கு இதுதான் முதல் தடவை. சுவரோரம் உறையோடு நின்ற ஏணிகளைப் பார்த்தார். மின்விசிறிகளைப் பார்த்தார். பிறகு நடுவில் வரிசையாகச் சேர்த்துப் போட்டிருந்த சுழல் நாற்காலிகளை, அவற்றின் மேல் விரித்திருந்த போர்வையை, தலையணையை, வெகுநேரம் பார்த்தார்.

"ஏன் சார், போன வருஷம் அந்தம்மா உடைஞ்ச நாற்காலிக்குப் பதில் வேற கேட்டு வந்தப்போ, நீங்க ப்ராபப்ளின்னு சொல்லி அனுப்பினீங்களே," என்றார் எலெக்ட்ரீஷியன், "அது இந்த ஆறுல எது சார்?"